அம்மாவுக்கு வந்த ஷோ காஸ் கடிதம்

மகேன், நீ அனுப்பிய கடிதம் நேற்று மதியம் பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரர் வாசலில் ஹார்ன் அடித்ததும், உன் கல்யாணத்துக்குச் சொல்லி வைத்திருந்த பட்டு ஜிப்பாதான் வந்துவிட்டது என்று ஈரக்கையோடு ஓடினேன். உறையின் மேல் நம் தொழிற்சங்கத்தின் முத்திரை இருந்தது. உள்ளே 'மதிப்பிற்குரிய சிஸ்டர்' என்று ஆரம்பித்து, கீழே செயலாளர் என்ற இடத்தில் உன் கையெழுத்து. சங்கத்தின் நற்பெயருக்குக் களங்கம் உண்டாக்கியதற்காக என்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று நான் இரண்டு வாரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம் சொல்ல வேண்டுமாம். அதுவரை என் உறுப்பினர் உரிமை நிறுத்தி வைக்கப்படுகிறதாம். பெற்றவளுக்கு ஷோ காஸ் கடிதம் அனுப்பிய முதல் பிள்ளை இந்த மாசாய் வட்டாரத்திலேயே நீயாகத்தான் இருப்பாய். உன் அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, "எழுது, ஆனா திட்டாத" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய். கடிதத்தில் அது முடியாது. விளக்கம்தானே கேட்டாய், உட்கார்ந்து படி.

நீ அறியாதது எதையும் நான் சொல்லப் போவதில்லை. ஆனால் மேடையில் இருப்பவனுக்குத் தெரிவதும் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பவர்களுக்குத் தெரிவதும் ஒன்றாக இருப்பதில்லை. நம் விமானக் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்து, நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமித்ததிலிருந்து எங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கிறார்கள். விமானம் பழுதுபார்க்கும் செனாய் ஹேங்கரில் இருக்கைகளுக்கு உறை தைக்கும் எங்கள் பட்டறையில் ஓவர்டைம் பாக்கியும் நிற்கிறது. அதைக் கேட்கத்தான் நானும் லெட்சுமியும் எச்.ஆர். ஆபீசுக்குப் போனோம். லெட்சுமியை உனக்குத் தெரியும். என் பக்கத்து மிஷினில் தைப்பவள், புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களைப் படிக்க வைப்பவள். அந்த ஆபீசில் இருந்தவன் ஒரு தமிழ்ப் பையன்தான். நாங்கள் விடாமல் கேட்டதில் அவனுக்கு எரிச்சல் வந்து வாய் தவறிவிட்டது. "உங்க யூனியன் லாயருக்கே நாங்கதான் காசு கட்றோம். உங்க தலைவருங்க சம்பளமும் இங்கேருந்துதான் போகுது. இன்னும் என்னக்கா வேணும் உங்களுக்கு?" என்றான். சொன்ன பிறகு அவனே பயந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டான். வெளியே வந்ததும் லெட்சுமி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "என்னக்கா சொல்றான் இவன்? நம்ம லாயரு அவங்க ஆளா?" என்று கேட்டாள்.

அன்றைக்குச் சாயந்திரத்துக்குள் செய்தி ஹேங்கர் முழுக்கப் பரவிவிட்டது. வாட்சப் குழுவில் ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். நேரில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: வீட்டில் கேளுங்கள். எங்கள் பட்டறை மேற்பார்வையாளர் காக் நோர்கூட, நீதான் கொடுத்து வைத்தவள், சோறு போடும்போது கேட்டுவிடலாம் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். நான் கேட்கவில்லை. இதை உன்னிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சங்கக் கூட்டத்துக்கு முன் அந்த ஒரு வாரமும் நீ தினம் கோலாலம்பூரிலிருந்து போன் செய்தாய். கல்யாணப் பத்திரிகை அச்சடித்து வந்ததா, பெண் ஷாலினி வீட்டுக்கு எத்தனை பெட்டி என்று பேசினோம். ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. அதில் உனக்கு நான் செய்தது துரோகம் என்று நீ நினைத்தால் அதை மறுக்க மாட்டேன். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நீ தயாராக வந்திருப்பாய். ஆனால் எனக்கு வேறொரு பயம் இருந்தது. வீட்டில் கேட்டால் நீ வீட்டில் பதில் சொல்வாய். "அம்மா, உங்களுக்கு மட்டும் சொல்றேன்" என்பாய். அதன்பிறகு லெட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கும்போது, அவளுக்குத் தெரியாத ஒன்றை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் எப்படி நூல் கோப்பேன்?

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்தில் எல்லார் முன்னாலும் கை தூக்கினேன். எழுந்து நின்றபோது முட்டி நடுங்கியது. "பிரதர் செயலாளர்" என்று முறையாகத்தான் கூப்பிட்டேன். கம்பெனி நம் சங்கத்துக்குப் பணம் கட்டுகிறதா, கட்டினால் எதற்கு, முழுநேரத் தலைவர்களின் சம்பளம் எங்கள் சம்பளம் போலவே குறைந்ததா என்று கேட்டேன். நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். பிறகு மைக்கைப் பக்கத்தில் இழுத்து, "அம்மா, உட்காருங்க. வீட்ல பேசிக்கலாம்" என்றாய். மண்டபமே சிரித்தது. யாரோ பின்னாலிருந்து, "அலமாக், இன்னைக்கு வீட்ல சோறு கிடைக்காது லா" என்று கத்தினான். இத்தனை வருஷமாகச் சந்தா கட்டிய ஓர் உறுப்பினர் கேட்ட கேள்வியை ஒரே ஒரு வார்த்தையில் அம்மாவின் நச்சரிப்பாக மாற்றிவிட்டாய். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள், மகேன். சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறான், மாமியார் சொல்லியிருக்கிறார். எதற்கும் நான் அழுததில்லை. அன்று அழுதேன். அம்மா என்ற சொல்லை நீ என்மேல் கதவைச் சாத்துவதற்குப் பயன்படுத்துவாய் என்று நான் நினைத்ததில்லை. இப்போது அம்மா என்று எழுத வேண்டிய வீட்டுக்குச் சிஸ்டர் என்று எழுதுகிறாய். சங்கத்தில் எல்லாரும் பிரதர் சிஸ்டர்தான். அது தெரிந்தவன் மண்டபத்தில் என்னை ஏன் சிஸ்டர் என்று கூப்பிடவில்லை? இடம் மாறிப் போயிற்று உனக்கு.

கூட்டம் முடிந்து நீ வீட்டுக்கு வருவாய் என்று மீன் குழம்பு வைத்திருந்தேன். நீ வரவில்லை. ராத்திரிக்கு, "ஆயர் ஈத்தாம் தாண்டிட்டேன், கே.எல். போறேன்" என்று அப்பாவுக்கு மட்டும் செய்தி அனுப்பினாய். மறுநாள் நானே உன்னைக் கூப்பிட்டேன். அந்தப் பேச்சு உனக்கும் மறந்திருக்காது. "அம்மா, கம்பெனி கணக்கப் படிக்க நமக்குன்னு ஒரு லாயரு வேணும் லா. அவருக்கு யாரு காசு கொடுக்கிறது? பாதிப் பேருக்கு வேலையே போச்சு, சந்தா நின்னு போச்சு. கம்பெனி கட்டலைன்னா நாங்க கண்ணக் கட்டிக்கிட்டுத்தான் அவங்களோட உக்காரணும்" என்றாய். அது எனக்குத் தோன்றவே இல்லை. நியாயமாகத்தான் பட்டது. அதை மண்டபத்தில் சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால் வேறு மாதிரி திரிப்பார்கள் என்றாய். சரி, உன் சம்பளம் குறைந்ததா இல்லையா, அதையாவது சொல்லு என்றேன். நீ, "என்னையே சந்தேகப்படுறவங்களுக்கு நான் ஏம்மா பதில் சொல்லணும்?" என்று போனை வைத்துவிட்டாய். அந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன், இதே வார்த்தைகளில்.

உன் தாத்தா, என் அப்பா, யோங் பெங் பக்கத்துத் தோட்டத்தில் சங்கத் தலைவராக இருந்தார் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஏன் அதை விட்டார் என்று சொன்னதில்லை. டவுனில் சம்பளப் பேச்சுவார்த்தை இருந்த அன்று பஸ் வரவில்லை. தோட்டத்து மேனேஜர், நாங்கள் அவரைத் துரை என்போம், வழியில் காரை நிறுத்தி ஏறச் சொன்னார். அப்பா ஏறினார். காரில் மழையைப் பற்றித்தான் பேசினார்களாம். டவுனில் அவர் அந்தக் காரிலிருந்து இறங்கியதை நம் ஆட்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். அன்று அப்பா பேசி வாங்கி வந்தது நல்ல ஒப்பந்தம். சம்பள உயர்வும் வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாயும் அதில் இருந்தன. ஆனால் பொழுது சாய்வதற்குள் லயத்து வீடுகள் முழுக்க ஒரே பேச்சு, துரை காரில் போனவன் நமக்காகவா பேசியிருப்பான் என்று. என் அம்மா கெஞ்சினார், "பஸ் வரலைன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்களேன்." அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, என்னைச் சந்தேகப்படுகிறவனுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்றார். ஓட்டுக்கு விட்டார்கள், ஒப்பந்தம் தோற்றது. கடைசியில் அதைவிடக் குறைவானதற்குத்தான் கையெழுத்துப் போட்டார்கள். குழாய் வரவே இல்லை. நான் கல்யாணமாகி வரும்வரை பொதுக்குழாயில் வரிசை நின்றுதான் தண்ணீர் பிடித்தேன். அங்கே நின்ற ஒவ்வொரு நாளும் எனக்கு அப்பாமேல் கோபம் வந்தது. அவர் காரில் ஏறியதற்காகக் கோபமில்லை. பஸ் வரவில்லை என்ற உண்மையைச் சொல்வதற்கு என்ன கேடு என்றுதான் கோபம்.

உன் அப்பா அந்த ரகம் கிடையாது. அவருக்குச் சங்கமும் தெரியாது, மேடையும் தெரியாது. விடிவதற்குள் கிளம்பிப் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வெல்டிங் அடித்துவிட்டு வருகிறவர். நான் பட்டறைக்குச் சங்கப் பிரதிநிதியான முதல் வருஷம் தீபாவளிக்கு, அப்போதைய பட்டறை மேனேஜர் வீட்டுக்கு ஒரு பெரிய ஹேம்பர் அனுப்பினார். கூடை நிறைய பிஸ்கட், சாக்லேட், வெளிநாட்டுப் பழம் எல்லாம் கண்ணாடித்தாள் சுற்றி வந்தது. நீ சின்னவன், அதைச் சுற்றிச் சுற்றி வந்தாய். திருப்பி அனுப்பினால் மரியாதை இல்லை, வைத்துக்கொண்டால் பேச்சு வரும் என்று நான் தவித்தேன். உன் அப்பா சொன்னார், "வாங்கிக்கோ லா. ஆனா பிரிக்காத. நாளைக்கு அப்படியே வேலைக்குத் தூக்கிட்டுப் போயி எல்லார் முன்னாலயும் பிரி." நீ அழுத அழுகை அக்கம்பக்கத்துக்கே கேட்டது. மறுநாள் இடைவேளையில் அதைத் தையல் மேசைமேல் வைத்து, இன்னார் அனுப்பினார் என்று சொல்லிப் பிரித்தேன். எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் ஓவர்டைம் விஷயத்தில் நான் மேனேஜரோடு பேசி வந்தபோது யாரும் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. உனக்கு ஒரே ஒரு சாக்லேட்தான் கொண்டு வந்தேன். அதற்கு நீ இன்னும் என்னை மன்னிக்கவில்லை என்று ஷாலினியிடம் சொல்லிச் சிரித்தாயாமே.

ஷாலினியைப் பற்றிச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெண் கேள்வி கேட்கிறவள். பத்திரிகையில் ஒரு எழுத்துப் பிழையைப் பார்த்துவிட்டு, அச்சகத்தானை மறுபடியும் அடிக்க வைத்தாளே. கல்யாணமானால் உன்னையும் கேட்பாள். ஏன் தாமதம், யாரிடம் பேசினீர்கள், என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்பாள். கேட்கிறாள் என்றால் நம்பவில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. நீ மெக்கானிக்காக இருந்தபோது சொல்வாய், முக்கியமான இடத்தில் நீ ஒரு போல்ட்டை இறுக்கினால் இன்னொருவர் வந்து பார்த்துத்தான் இரண்டாவது கையெழுத்துப் போடுவார் என்று. அவர் வந்து டார்ச் அடித்துப் பார்க்கும்போது உனக்குக் கோபம் வராது. சில நாள் நீயே ஓடிப்போய்க் கூட்டி வருவாய். இறுக்கத் தெரியாதவன் என்று உன்னை யாரும் நினைக்கவில்லை, மேலே போகிற விமானத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். ஹேங்கரில் இருந்தவரைக்கும் இது உனக்குச் சொல்லாமலே விளங்கியது. கழுத்தில் டை கட்டியதும் எங்கே போயிற்று?

இனி நீ கேட்டதற்கு நேரடியான பதில். கூட்டத்துக்கு அடுத்த நாள், பட்டறையிலும் ஹேங்கரிலும் சிலர் சேர்ந்து, கம்பெனி சங்கத்துக்கு எதற்கெல்லாம் பணம் கட்டியது என்று கேட்டு நீதிமன்ற நிர்வாகிக்கு மனு எழுதினோம். முதல் கையெழுத்து என்னுடையது. அதைத் திரும்பப் பெற்று, மன்னிப்புக் கேட்டால் நடவடிக்கை கைவிடப்படும் என்று எழுதியிருக்கிறாய். திரும்பப் பெற மாட்டேன். மன்னிப்பும் கேட்க மாட்டேன். கம்பெனியிடம் பணம் வாங்கினதைத் தப்பு என்று நான் அந்த மனுவில் எழுதவில்லை, எங்கேயும் சொல்லவும் இல்லை. சொல்லாமல் வாங்கியதைத்தான் கேட்டேன். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். உன் மடியில் கனமில்லை என்று நான் நம்புகிறேன். அப்படியென்றால் மடியை ஏன் இப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒருவேளை எங்கள் எல்லாருக்கும் வெட்டிய சம்பளத்தை உனக்கு மட்டும் வெட்டவில்லையோ என்று ராத்திரியில் யோசித்துப் பார்த்தேன். கல்யாண மண்டபத்துக்கு நீ கட்டிய முன்பணத்தையும் நினைத்துக்கொண்டேன். அப்படியே இருந்தாலும் சொல்லிவிடு. வெட்டவில்லை, இன்னாரோடு பேசி இன்ன காரணத்துக்காக ஒப்புக்கொண்டேன், இனி எல்லாருக்கும் போலவே எனக்கும் பிடிக்கச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டால், கோபப்படுவார்கள், பிறகு ஆறிவிடுவார்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால் ஆற மாட்டார்கள்.

சனிக்கிழமை, நீங்கள் கம்பெனியோடு பேசி முடித்த புது ஒப்பந்தம் ஓட்டுக்கு வருகிறது. அது தோற்றால் செனாய் ஹேங்கரை மூடிவிடப் போவதாக நிர்வாகி சொல்லிவிட்டார், அது நோட்டீஸ் போர்டிலேயே இருக்கிறது. நீ அங்கே கோலாலம்பூரில் இருக்கிறாய், இங்கே பேசுவது உன் காதுக்கு வருகிறதா என்று தெரியவில்லை. கேன்டீனில் ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லாயருக்கு யார் காசு கட்டினார்கள் என்றுதான் பேச்சு. பாதிப் பேர் ஒப்பந்தத்தைப் படிக்காமலே வேண்டாம் என்று போடப் போகிறார்கள். நான் படித்தேன், மகேன். புரியாத இடத்தை உன் அப்பாவின் சிங்கப்பூர் நண்பர் ஒருவரிடம் கேட்டுக் கேட்டு, கடைசி வரி வரைக்கும் படித்தேன். சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும் என்று இருக்கிறது. தையல் பட்டறையை வெளியாட்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று ஒரு வரியும் இருக்கிறது. அந்த ஒரு வரிக்காக நீ கோட்டு சூட்டு போட்ட அந்தக் கம்பெனி ஆட்களோடு எத்தனை சண்டை போட்டிருப்பாய், எத்தனை வேளை பட்டினி கிடந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். கம்பெனிக்கு விலைபோனவன் அந்த வரியை வாங்கியிருக்க முடியாது. ஆனால் இதை நான் போய்ச் சொன்னால் யார் கேட்பார்கள்? அம்மா மகனுக்காகப் பேசுகிறாள் என்பார்கள்.

சனிக்கிழமை ஆம் என்று ஓட்டுப் போடத்தான் இருந்தேன். லெட்சுமியிடமும் சொல்லியிருந்தேன். அவள் யோசித்துவிட்டு, "உங்க மகன் நல்லதுதான் செஞ்சிருக்காரு போலக்கா. வாயத் திறந்து சொன்னா என்னவாம்?" என்றாள். மனுவில் கையெழுத்துப் போட்ட மற்றவர்களில் நிறையப் பேரும் அதே மனநிலையில்தான் இருந்தார்கள். இப்போது அத்தனை பேருக்கும் இந்தக் கடிதம் போய்விட்டது. உரிமை நிறுத்தப்பட்டவர்கள் மண்டபத்துக்குள் வரக்கூடாது, ஓட்டுப் போடக்கூடாது. கேள்வி கேட்டவர்கள் எல்லாம் உனக்கு எதிரி என்று நினைத்து, உனக்கு விழவிருந்த ஓட்டுகளை நீயே வெளியே தள்ளிப் பூட்டிவிட்டாய். உள்ளே மிச்சம் இருப்பவர்கள் கேள்வியும் கேட்க மாட்டார்கள், ஒப்பந்தத்தைப் படிக்கவும் மாட்டார்கள். கோபத்தோடு சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். லெட்சுமியின் பெரியவள் இந்த வருஷம்தான் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறாள்.

என் உரிமையைத் திருப்பிக் கொடு என்று நான் உன்னைக் கேட்கப் போவதில்லை. விதிப்படி நடத்து, எனக்காக எதையும் வளைக்காதே. ஓட்டெடுப்புக்கு முன்னால் எழுந்து நின்று, கம்பெனி எதற்கெல்லாம் கட்டியது, ஏன் கட்டியது, உன் சம்பளம் என்ன ஆயிற்று என்று நீயாகவே சொல்லு. உனக்கும் முட்டி நடுங்கும், நடுங்கட்டும். கூச்சல் போடுவார்கள், அதையும் நின்று வாங்கிக்கொள். எங்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் நானும் லெட்சுமியும் மண்டபத்துக்கு வெளியே, சன்னலுக்குக் கீழே நிற்போம். நீ பேசி முடித்ததும் உள்ளே ஒருவர்கூடக் கைதட்டாமல் போகலாம். பயப்படாதே, வெளியே நான் தட்டுவேன்.